பிரஷ் இல்லாத காலத்தில் சூத்தையும் இல்லை

1970இல் நோர்வே நாட்டுப் பல் வைத்தியர் குழுவொன்று பூண்டுலோயாப் பக்கம் வந்து சேர்ந்தது. டன்சினன், ஹரோ ஆகிய இரண்டு தேயிலைத் தோட்டங்களில் பதின்வயது தொடங்கி முப்பது வயது வரையான 480 ஆண் தொழிலாளர்களைத் தெரிவுசெய்து, ஒவ்வொருவரின் பல்லையும் ஈறையும் அளந்து எழுதிக்கொண்டார்கள். திரும்பவும் வந்தார்கள். 1985 வரை அதே ஆட்களைத் தேடிப் பிடித்து அளந்துகொண்டே இருந்தார்கள். குழுவின் தலைவர் ஹரால்ட் லோ. பின்னாளில் அமெரிக்க அரசின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கே பணிப்பாளரானவர்.

அவர்களுக்கு வேண்டியிருந்தது ஈறு. சிகிச்சையே எட்டாத ஒரு மனிதக் கூட்டத்தில் ஈறு நோய் தன் போக்கில் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். ஒப்பிடுவதற்கு ஒஸ்லோவில் மாணவர்களும் கல்விமான்களும் இருந்தார்கள். இந்தப் பக்கம் நம் ஆட்கள். வழக்கமான முறையில் பல் துலக்கும் பழக்கம் இல்லாதவர்கள், தடுப்போ வைத்தியமோ ஒருபோதும் கிடைக்காதவர்கள் என்று ஆய்வறிக்கையே அவர்களை வர்ணிக்கிறது. 1986இல் வெளிவந்த முடிவு இன்றைக்கும் பல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம். நூற்றுக்கு எட்டுப் பேருக்கு ஈறு வேகமாக அழிந்தது. 45 வயதுக்குள் அவர்கள் கிட்டத்தட்டப் பொக்கை வாயர்கள் ஆனார்கள். 81 பேருக்கு மெதுவாக. மீதி 11 பேருக்கு அழிவு முன்னேறவே இல்லை. நம் தாத்தாமார் வாயைத் திறந்து காட்டியதால் உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது. அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு கௌரவமாக இருக்காது.

அதே அறிக்கைகளில், அவ்வளவாக யாரும் நின்று பார்க்காத ஒரு செய்தியும் உண்டு. இந்த ஆட்களுக்குப் பற்சூத்தை அநேகமாக இல்லை. ஈறு தளர்ந்து பல் ஆடி விழுந்தது, ஆனால் ஓட்டை விழுந்த பல் இல்லை. பிரஷ் பிடிக்காத, பேஸ்ட் காணாத, பல் டொக்டரின் வாசல் மிதிக்காத மனிதர்கள்!

இப்போது 2015–16இல் நாடு முழுக்க எடுத்த வாய்ச் சுகாதாரக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இலங்கையில் ஐந்து வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரில் ஆறு பேருக்கும் அதிகமானோருக்குச் சூத்தைப் பல். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துப் பாலர் வகுப்பு எதிலும் போய் நின்று பிள்ளைகளைச் சிரிக்கச் சொன்னால் கணக்கெடுப்பே தேவைப்படாது. லோ பார்த்தது பெரியவர்களின் பற்களை, நாம் பேசுவது பால்பற்களைப் பற்றி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். என்றாலும் இடைப்பட்ட காலத்தில் இந்த மலைகளில் என்ன மாறியது என்ற கேள்வி போகாது. இப்போது வீட்டுக்கு வீடு பிரஷ் இருக்கிறது, பேஸ்ட் இருக்கிறது, சூத்தையும் இருக்கிறது.

மாறியது சீனி.

கூப்பன் சீனியிலிருந்து கடைச் சீனிக்கு

எழுபதுகளில் சீனி கூப்பனுக்கு அளந்து கொடுத்த சாமான். 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் அரிசிக்கும் மாவுக்குமே ஆலாய்ப் பறந்தார்கள், சீனியை யார் கண்டார்கள்? 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. சீனி வந்தது, பிஸ்கட் வந்தது, டொபி வந்தது, வண்ணத் தாளில் சுற்றிய ஏதேதோ வந்தன. தோட்டத்துக் கடைக்குள் நுழைந்தால் இன்றைக்கும் பிள்ளையின் கண் மட்டத்தில் தொங்குவது அவைதாம். பத்து இருபது ரூபாயில் ஒரு பிள்ளையின் அழுகையை நிறுத்தக்கூடிய வேறு பொருள் அந்தக் கடையில் இல்லை.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. மலையகத் தாய்க்குச் சீனி என்பது செல்லம் கொடுக்கும் பொருள் மட்டும் இல்லை, அது எரிபொருள். விடியற்காலைக் குளிரில் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டி, நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மலைக்கு ஏறும் பெண்ணுக்கு, அந்தச் சீனிதான் காலை பத்து மணி வரை சக்தி. அவள் அதே தேத்தண்ணியில் ஒரு மாரி பிஸ்கட்டைத் தோய்த்துப் பிள்ளைக்கும் ஊட்டுகிறாள். 2016 நாடளாவிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டின் சராசரி 17 சதவீதந்தான். இப்படிப்பட்ட வீட்டில் போய் நின்று “சீனி கொடுக்காதீங்க” என்று கையை ஆட்டிவிட்டு வருவது சுலபம். பிள்ளைக்கு வேறு என்ன கொடுப்பது என்பதற்குப் பதில் வைத்திருக்கிறவருக்குத்தான் அதைச் சொல்லும் உரிமை உண்டு என்பது என் எண்ணம்.

நல்லவேளையாக, சூத்தை விஷயத்தில் எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதே பெரிது. வாயில் இருக்கும் கிருமிகள் சீனியைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. பல்லின் மேலோட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்த அமிலத்தில் கரைகிறது. உமிழ்நீர் வந்து அமிலத்தைக் கழுவிச் சமன்செய்யக் கிட்டத்தட்ட அரைமணி நேரம் ஆகும். கரைந்த சத்தும் அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் படியும். அதற்குள் அடுத்த மிடறு வந்துவிட்டால் கணக்கு மறுபடி தொடங்குகிறது. காலையில் தேத்தண்ணியோடு மூன்று கரண்டிச் சீனியை ஒரே மூச்சில் குடித்து முடித்த பிள்ளையைவிட, ஒரு கரண்டிச் சீனி போட்ட போத்தலைச் சூப்பியபடி காலை முழுக்கத் திரியும் பிள்ளைக்குத்தான் பல் கெடும். இரவு என்றால் இன்னும் மோசம், தூக்கத்தில் உமிழ்நீர் ஊறுவது குறைந்துவிடும். சூப்பிப் போத்தலோடு தூங்கும் பிள்ளையின் மேல்வரிசை முன்பற்கள் விடியும்வரை அந்த இனிப்பில் ஊறிக் கிடக்கின்றன.

இந்த உண்மையை நிரூபித்ததும் அழகான கதை இல்லை. சுவீடனில் விப்பெஹோல்ம் என்ற, மனவளர்ச்சி குன்றியோருக்கான விடுதியில், 1940களின் பிற்பகுதியில், அங்கிருந்தவர்களுக்கு வேண்டுமென்றே பல்லில் ஒட்டும் டொபி கொடுத்துப் பல் கெடுவதைப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சீனி சாப்பிட்டவர்களுக்குச் சூத்தை அவ்வளவாகக் கூடவில்லை, இடைவேளைகளில் டொபி மென்றவர்களுக்குக் கூடியது. பல் பற்றி உலகம் அறிந்த இரண்டு பெரிய உண்மைகள், “மாட்டேன்” என்று சொல்ல வாய்ப்பில்லாதவர்களின் வாயிலிருந்து பிடுங்கியவை.

ஆகவே காசு செலவில்லாத முதல் தடுப்பு இப்படி அமைகிறது. பிள்ளைக்கு இனிப்புக் கொடுப்பதென்றால் சாப்பாட்டோடு கொடுங்கள், இடையில் வேண்டாம். படுக்கையில் போத்தல் கொடுப்பதாயின் வெறும் தண்ணீர். ஒரு வயதானதும் போத்தலை விட்டுக் கோப்பைக்குப் பழக்குங்கள். தாய் வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போய், பிள்ளையை அம்மாயி வளர்க்கிற வீடுகள் இன்று லயத்துக்கு லயம் உண்டு. அந்த அம்மாயிக்குப் போத்தல்தான் உதவியாள். அவரைத் திட்டாமல், போத்தலில் இருப்பதை மட்டும் மாற்றச் சொன்னால் கேட்பார்.

மலைத் தண்ணீரில் இல்லாதது

பல்லைக் காக்கும் ஃபுளோரைட் விஷயத்தில் மலையகத்துக்கு இயற்கை கொஞ்சம் கஞ்சத்தனம் செய்திருக்கிறது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துக் கிணறுகளில் ஃபுளோரைட் மிதமிஞ்சி, பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிகிறது. இங்கோ மழை ஓயாமல் கழுவிக்கொண்டு போவதால் பீலித் தண்ணீரில் அது மிகக் குறைவு. ஒவ்வொரு லயத்துக்கும் ஒவ்வொரு ஊற்று என்றிருக்கும் இடத்தில் சில மேல்நாடுகளைப்போல் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைட் கலப்பதும் நடக்கிற காரியமில்லை.

வேடிக்கை என்னவென்றால், தேயிலைச் செடி மண்ணிலிருக்கும் ஃபுளோரைட்டை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கிற செடி. முற்றிய இலையில் அதிகம். தோட்டத்து வீடுகளில் ஊற்றும் தூள் தேயிலைச் சாயத்திலும் கணிசமாக இறங்கும். லோவின் ஆட்களுக்குச் சூத்தை வராததில் இந்தச் சாயத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம். அதற்காகக் கைப்பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்கக் கிளம்பிவிட வேண்டாம், சாயம் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. இரத்தச்சோகை மலிந்த இடத்தில் அது பெரிய விலை.

மிஞ்சுவது பேஸ்ட். ஒரு குழாயின் விலை ஒரு நாள் கூலியில் சிறு பங்கு. பேஸ்ட் வாங்கும்போது பார்க்க வேண்டியது குழாயின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் எண். ஃபுளோரைட் 1,000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் என்று இருக்க வேண்டும். முயல்குட்டிப் படம் போட்டு, ஸ்ட்ரோபெரி வாசனையோடு பிள்ளைகளுக்கென்று விற்கும் சில பேஸ்ட்டுகளில் அது பாதியளவுகூட இருக்காது, சிலவற்றில் அறவே இருக்காது. விலை மட்டும் அதிகம். பெரியவர்களின் சாதாரண பேஸ்ட்டே பிள்ளைக்கும் போதும், அளவுதான் முக்கியம். மூன்று வயதுக்குள் என்றால் ஓர் அரிசியளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணியளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு அலைபோலப் பிழிகிறார்களே, அது கம்பெனிக்கு நல்லது.

துலக்கி முடித்ததும் பிள்ளை துப்பட்டும், வாய் கொப்பளிக்க வேண்டாம். இதைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். கொப்பளித்தால் பல்லில் ஒட்டியிருக்க வேண்டிய மருந்தும் போய்விடுகிறது. கரியும் செங்கல் தூளும் உப்பும் வைத்துத் தேய்த்த தலைமுறைக்கு ஒரு செய்தி: அவற்றில் ஃபுளோரைட் இல்லை, பல்லின் மேலோட்டை அராவும் கரடுமுரடு மட்டும் உண்டு.

உதட்டைத் தூக்கிப் பார்த்தால்

சூத்தை ஒரே நாளில் ஓட்டையாக வருவதில்லை. பிள்ளையை மடியில் சாய்த்து, வெளிச்சத்தைப் பார்க்கவைத்து, கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்க வேண்டும். ஈற்றை ஒட்டி, முன்பல்லின் அடியில், சுண்ணாம்பு தீற்றியதுபோல் பளபளப்பில்லாத ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறதா? அதுதான் தொடக்கம். பல்லிலிருந்து சத்துக் கரைந்திருக்கிறது, ஓட்டை இன்னும் விழவில்லை. இந்தக் கட்டத்தில் போத்தலை நிறுத்தி, பேஸ்ட்டை ஒழுங்காகத் தேய்த்தால் அந்தக் கோடு கெட்டியாகிப் பல் பிழைத்துக்கொள்ளும். கோடு மஞ்சளாகி, பழுப்பாகி, பல் அடியோடு அரிபட்டு மொட்டையாக நிற்பது அதற்குப் பிறகு வருகிற கதை. கீழ்வரிசை முன்பற்கள் மட்டும் வெள்ளைவெளேரென்று இருக்கும். சூப்பும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்வதும், உமிழ்நீர் அங்கே தேங்குவதும் காரணம். மேலே கருகி, கீழே வெளுத்த வாயைப் பார்த்தால் எந்தப் பல் டொக்டரும் கேட்காமலே சொல்லிவிடுவார், போத்தல் என்று.

“பால்பல்லு தானேங்க, விழுந்து புதுசா முளைச்சிரும்” என்பது எல்லா லயத்திலும் கேட்கக் கிடைக்கும் சமாதானம். முன்பல் ஆறேழு வயதில் விழும், உண்மை. கடைவாய்ப் பால்பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியது. அதுவரை வலியோடு பிள்ளை எதை மெல்லும்? ஏற்கெனவே எடை குறைந்த பிள்ளை இன்னும் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடும், இரவில் அழும், மறுநாள் வகுப்பில் தூங்கும். அதைவிட ஆபத்தான ஏமாற்றம் ஒன்றும் இருக்கிறது. ஆறு வயதில் எல்லாப் பால்பற்களுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதைப் பால்பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அது சாகும்வரை இருக்க வேண்டிய நிரந்தரப் பல், போனால் போனதுதான்.

போவதற்கு என்ன விலை என்றும் கணக்குப் பார்க்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கக் காசில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டும். ஓட்டோ, பஸ், வரிசை. தாய்க்கு அன்றைய பேர், அதாவது அந்த நாள் கூலி, போய்விடும். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக இருந்தது. அந்த ஒரு நாள் கூலியில் வீட்டுக்குப் பல மாதத்துக்கான பேஸ்ட் வாங்கலாம். பல பற்கள் ஒன்றாக அழுகிய சிறு பிள்ளையை மயக்கி வைத்தியம் செய்ய வேண்டுமென்றால் பேராதனைப் பல் ஆஸ்பத்திரி வரை போக வேண்டியிருக்கும்.

தடுப்புக்கும் பிடுங்குவதற்கும் இடையில் நிற்கும் சில மருந்துகளையும் சொல்ல வேண்டும். ஃபுளோரைட் வார்னிஷ் என்ற பசையைப் பல்லில் தூரிகையால் தடவிவிட ஒரு நிமிடம் போதும், வருடத்துக்கு இரண்டு தடவை. பல ஆய்வுகளைத் திரட்டி 2013இல் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டில், பால்பற்களில் சூத்தை சுமார் 37 சதவீதம் குறைந்தது. ஓட்டை விழுந்துவிட்ட பல்லில் ஊசியோ துளையிடும் கருவியோ இல்லாமல் ஒரு துளி தொட்டுவைத்தால் அழுகலை நிறுத்தும் வெள்ளி டயமின் ஃபுளோரைட் என்ற திரவமும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் ஃபுளோரைட் பேஸ்ட்டோடு சேர்த்து இதையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏற்றியது. ஒரு குறை, சூத்தை விழுந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். கடைவாயில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பெண்பிள்ளையின் முன்பல் என்றால் பாட்டிமார் ஒப்புக்கொள்வது கஷ்டம். அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டுச் செய்வதுதான் மரியாதை.

பிள்ளைக் காம்பராவில் ஒரு குழாய்

இலங்கைக்குப் பாடசாலைப் பல் சிகிச்சையாளர் என்ற நல்ல ஏற்பாடு 1950களிலிருந்தே உண்டு. நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் பயிற்சிப் பள்ளி தொடங்கி, கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடங்களுக்குப் பல் மிஸ்மாரை அனுப்பினார்கள். வெளிநாட்டார் பாராட்டும் திட்டம். ஆனால் பிள்ளை அவர் முன்னால் போய் உட்காரும்போது பள்ளிக்கூட வயதாகியிருக்கும். சூத்தை அதற்கு வெகு முன்பே, ஒன்றரை இரண்டு வயதிலேயே, வேலையைத் தொடங்கிவிடுகிறது. அந்த வயதுப் பிள்ளை பகல் முழுக்க எங்கே இருக்கிறது?

பிள்ளைக் காம்பராவில். கிராமத்துத் தாய்க்கு இல்லாத வசதி இது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகவேண்டுமே என்று வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஏற்பட்டது. இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாட்டியிருக்கிறது, மேற்பார்வைக்குத் தோட்ட மக்களின் நலன் பார்க்கும் ட்ரஸ்ட் நிறுவனம் இருக்கிறது, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் இருக்கிறார். என்றாலும் லயத்தில் அவர் இன்னும் ஆயம்மாதான். ஒரே கூரையின் கீழ், வேலைநாள் எல்லாம், சரியான வயதில் பிள்ளைகள். பல் தடுப்புத் திட்டம் வகுப்பவர்கள் கனவிலும் கேட்கத் தயங்கும் ஏற்பாடு கையில் இருக்கிறது.

ஸ்கொட்லாந்து இதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்கே பாலர் பள்ளிகளில் தினமும் ஒரு தடவை ஆசிரியை கண்முன்னால் எல்லாப் பிள்ளைகளும் பல் துலக்குகிறார்கள். வருடத்துக்குச் சுமார் 18 இலட்சம் பவுண் செலவு. எட்டாவது வருடத்தில் பல் சிகிச்சையில் மிச்சமான பணம் அந்தச் செலவைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் என்று 2015இல் கணக்குக் காட்டினார்கள். குளிர்நாட்டுப் பணக்காரர் கதை என்று தள்ளுகிறவர்களுக்குப் பிலிப்பைன்ஸ் இருக்கிறது. கை கழுவுதல், பல் துலக்குதல், பூச்சி மருந்து மூன்றையும் சேர்த்து அரசுப் பள்ளிகளில் நடத்தினார்கள். பிள்ளை ஒன்றுக்கு ஆன பொருட்செலவு வருடத்துக்கு அரை டொலர் அளவுதான்.

இங்கே எப்படி நடக்கும்? காலைச் சாப்பாடு முடிந்ததும் ஆயம்மா ஒரு பீங்கான் தட்டின் விளிம்பைச் சுற்றிப் பேஸ்ட்டைப் பொட்டுப் பொட்டாக வைக்கிறார், பிள்ளைக்கு ஒரு பொட்டு. குழாயின் வாய் எந்தப் பிரஷிலும் படாததால் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குக் கிருமி போகாது. ஒவ்வொரு பிரஷின் காம்பிலும் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு நிறத்தில் நூல் சுற்றியிருக்கிறது. பிள்ளை தன் பொட்டைத் தொட்டு எடுத்துத் துலக்குகிறது, சின்னதுகளுக்கு ஆயம்மா பின்னால் நின்று துலக்கிவிடுகிறார். கானில் துப்பினால் முடிந்தது. கொப்பளிப்பு இல்லாததால், குழாயில் தண்ணீர் வராத நாளிலும் நடக்கும். பிரஷ்களை ஒன்றோடொன்று உரசாமல், தலை மேலாக நிறுத்தி ஆறவிட்டால் போதும்.

ஒரு பட்டாணியளவு கால் கிராம் என்று வைத்துக்கொண்டால், 120 கிராம் குழாயில் 480 பொட்டு. இருபது பிள்ளைகள் இருக்கும் காம்பராவில் இருபத்துநான்கு வேலைநாள் வரும். அதாவது கிட்டத்தட்ட மாதத்துக்கு ஒரு குழாய். சின்னதுகளுக்கு அரிசியளவே என்பதால் உண்மையில் அதையும் தாண்டி வரும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பிரஷ் மாற்ற வேண்டும், செலவில் பெரியது அதுதான். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் தோட்டக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் கண்ணில் படாத தொகை.

இது எங்குமே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. சில நிலையங்களில் சுவரில் பிரஷ் வரிசை தொங்கத்தான் செய்கிறது. ஆயம்மாவின் நல்ல மனதையும், தாய்மார் ஞாபகமாக வாங்கிக் கொடுக்கும் குழாயையும் நம்பி நடக்கும்வரை, ஆயம்மா மாறினால் அதுவும் நின்றுவிடும். நிலையத்துக்கு வரும் சாமான்களின் பட்டியலில் பேஸ்ட்டும் பிரஷும் ஏறவேண்டும். மாதந்தோறும் எடை பார்க்க வரும் மிட்வைஃப் அம்மா, எடை எழுதும் அதே நேரத்தில் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்து, வெள்ளைக் கோடு உண்டா இல்லையா என்று கிளினிக் புத்தகத்தில் ஒரு குறி போடலாம். கோடு இருக்கும் பிள்ளைகளை மட்டும் ஒரு நாள் கூட்டி, பல் டொக்டரைத் தோட்டத்துக்கே வரவழைத்து வார்னிஷ் பூசினால் இருபது தாய்மாரின் இருபது பேர் மிஞ்சும்.

செலவு யாருடையது என்பதில்தான் வழக்கம்போல் இழுபறி வரும். கம்பெனி ட்ரஸ்டைக் காட்டும், ட்ரஸ்ட் சுகாதாரத் திணைக்களத்தைக் காட்டும், திணைக்களம் தோட்டம் தனியார் நிர்வாகம் என்று சொல்லும். சம்பளப் பேச்சுவார்த்தையில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காரும் தொழிற்சங்கத் தலைவர்கள், அடுத்த தடவை நாட்கூலியைப் பேசி முடித்துவிட்டு எழும்புவதற்கு முன்னால், மாதம் ஒரு குழாய் பேஸ்ட்டையும் பிள்ளைக்கு வருடம் நான்கு பிரஷையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். கம்பெனிகள் மறுக்க முடியாத அளவுக்கு மலிவான கோரிக்கை அது.